மோட்டார்சைக்கிள் காப்புறுதி: செலவைக் குறைக்க நல்ல வழி எது? ஆபத்தான வழி எது?

2பி உரிமம் கைக்கு வந்துவிட்டது. பிடித்த மோட்டார்சைக்கிளையும் பார்த்து வைத்தாகிவிட்டது. கடைக்காரர் கணக்குப் போடுகிறார்: வண்டியின் விலை, வாகன உரிமைச் சான்றிதழ், சாலை வரி... கடைசி வரியில் காப்புறுதி.

"என்ன அங்கிள், காப்புறுதிக்கே இவ்வளவா?"

அந்த நேரம் பார்த்து நண்பர் ஒருவர் காதில் சொல்வார்: "அப்பா பேர்ல எடுத்துடு. நிறைய காசு மிச்சம்."

கொஞ்சம் பொறுங்கள். காப்புறுதிச் செலவைக் குறைக்க நேர்மையான வழிகள் பல இருக்கின்றன. ஆனால் சில "மிச்சம்" பின்னாளில் பல்லாயிரம் வெள்ளிக் கடனாக வந்து நிற்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்ப்போம்.

காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும்?

சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளுக்குக் காப்புறுதி கட்டாயம். உங்களால் இன்னொருவர் காயமடைந்தாலோ மாண்டாலோ அவருக்கு அல்லது அவர் குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவேண்டும். சட்டத்தின் நோக்கம் அதுதான்.

காப்புறுதி இல்லாமல் ஓட்டினால் 1,000 வெள்ளி வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 12 மாதத்துக்கு வாகனம் ஓட்டத் தடையும் வரலாம்.

இன்னொன்று. காப்புறுதியில் சேராத நண்பரிடம் உங்கள் வண்டியைக் கொடுத்தாலும் நீங்கள் மாட்டிக்கொள்ளலாம். "சும்மா ஒரு ரவுண்டுதான்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

காப்புறுதி இல்லாமல் சாலை வரியையும் புதுப்பிக்க முடியாது.

இளையருக்கு ஏன் சந்தா கூடுதல்?

காப்புறுதி நிறுவனம் கேட்பது ஒரே கேள்வி: "இவருக்காக நாம் பணம் கொடுக்கவேண்டி வரும் சாத்தியம் எவ்வளவு?"

அதைக் கணிக்கச் சில விவரங்களைப் பார்க்கிறது. உங்கள் வயது, எத்தனை ஆண்டு ஓட்டிய அனுபவம், வண்டியின் இயந்திரக் கொள்ளளவு, வண்டியின் வயது, இதற்குமுன் இழப்பீடு கோரியிருக்கிறீர்களா, வண்டியை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள் என்பவை அவற்றில் முக்கியமானவை.

18 வயதில் உரிமம் எடுத்தவரிடம் காட்டுவதற்கு இன்னும் ஓட்டுநர் வரலாறு இல்லை. அதனால்தான் முதல் சந்தா கசக்கிறது. வயதை மாற்ற முடியாது. மற்றவற்றில் பலவற்றை மாற்ற முடியும்.

மூன்று வகைக் காப்புறுதி: உங்களுக்கு எது?

மூன்றாம் தரப்புக் காப்புறுதி: சந்தா ஆகக் குறைவு. மற்றவருக்கு ஏற்படும் காயம், மற்றவர் சொத்துக்கு ஏற்படும் சேதம் ஆகியவற்றுக்குப் பொதுவாக ஈடு தரும். உங்கள் வண்டிக்கு ஒன்றும் கிடைக்காது.

மூன்றாம் தரப்பு, தீ, திருட்டுக் காப்புறுதி: மேலே சொன்னவற்றோடு உங்கள் வண்டி தீப்பிடித்தாலோ திருடுபோனாலோ ஈடு கிடைக்கும்.

முழுமையான காப்புறுதி: விபத்தில் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதமும் சேரும். சந்தா ஆக அதிகம்.

புது வண்டிக்கு முழுமையான காப்புறுதி எடுப்பதில் அர்த்தம் உண்டு. கடனில் வாங்கினால் கடன் கொடுத்த நிறுவனமே அதை வலியுறுத்தலாம். ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

வாகன உரிமைச் சான்றிதழ் முடிய ஓரிரு ஆண்டுகளே உள்ள பழைய வண்டி என்றால் கணக்கு வேறு. வண்டி முழுதாகச் சேதமடைந்தாலும் பொதுவாக அன்றைய சந்தை மதிப்புதான் கிடைக்கும், நீங்கள் கொடுத்து வாங்கிய விலை அல்ல. அந்த மதிப்பையும் கூடுதல் சந்தாவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வித்தியாசம் சிறியது என்றால் குறைந்த வகையே போதும்.

ஜொகூர் பாருவுக்கு அடிக்கடி போகிறவரா? மலேசியாவில் வண்டி திருடுபோனால் காப்புறுதி செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் நிபந்தனை மாறும்.

சரி, சந்தாவைக் குறைப்பது எப்படி?

1. முன்பணம் கட்டுவதற்கு முன்பே காப்புறுதியைக் கேளுங்கள்

பலர் வண்டியை முடிவு செய்துவிட்டுத்தான் காப்புறுதியைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் பேரம் பேசும் வாய்ப்பு போய்விடும்.

2பி உரிமத்தில் 200 சிசி வரை ஓட்டலாம். அந்த எல்லைக்குள் எல்லா வண்டிக்கும் ஒரே சந்தா என்று நினைக்காதீர்கள். மனத்தில் 2 அல்லது 3 வண்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கட்டணம் கேளுங்கள். 2ஏ, 2 என்று அடுத்த உரிமத்துக்குப் போகும்போதும் இதையே செய்யுங்கள். பெரிய வண்டியின் விலை கட்டுப்படியாகலாம். ஆண்டுதோறும் வரும் சந்தா கட்டுப்படியாகுமா என்பதையும் பார்க்கவேண்டும்.

2. ஒரே விவரத்தைக் கொடுத்து ஒப்பிடுங்கள்

கடைக்காரரே காப்புறுதியும் ஏற்பாடு செய்து தருவார். வசதிதான். ஆனால் அது ஒரு தெரிவு மட்டுமே. இணையத்தில் நேரடியாக விற்கும் நிறுவனங்களையும் காப்புறுதித் தரகர்களையும் கேளுங்கள். குறைந்தது 3 இடங்களில் கேட்பது நல்லது.

எல்லாரிடமும் ஒரே விவரத்தைக் கொடுங்கள்: அதே வண்டி, அதே காப்புறுதி வகை, அதே ஓட்டுநர்கள். ஓரிடத்தில் மூன்றாம் தரப்பு, இன்னோரிடத்தில் முழுமையானது என்று கேட்டுவிட்டு "இங்கே மலிவு" என்று சொல்வது ஒப்பீடு ஆகாது.

சொன்ன தொகையில் 9 விழுக்காடு பொருள், சேவை வரி சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். சிலர் வரியைச் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் சேர்க்காமல் சொல்வார்கள்.

3. என்சிடி கழிவைக் காப்பாற்றுங்கள்

இழப்பீடு கோராமல் ஓராண்டை முடித்தால் அடுத்த சந்தாவில் கழிவு கிடைக்கும். அதைத்தான் எல்லாரும் என்சிடி என்கிறோம். சிங்கப்பூரில் மோட்டார்சைக்கிளுக்கு வழக்கமான அளவு இது:

ஓராண்டு கோராமல் இருந்தால் 10 விழுக்காடு.
2 ஆண்டு என்றால் 15 விழுக்காடு.
3 ஆண்டும் அதற்கு மேலும் என்றால் 20 விழுக்காடு.

காருக்கு இந்தக் கழிவு 50 விழுக்காடு வரை போகும். மோட்டார்சைக்கிளுக்கு 20தான் உச்சம். உங்கள் பெயர் சொல்லி இழப்பீடு கோரப்பட்டால் பொதுவாக மறுபடியும் பூஜ்யத்தில் இருந்து தொடங்கவேண்டும்.

நிறுவனம் மாறினால் கழிவு போய்விடுமோ என்ற பயம் வேண்டாம். அது உங்களுடையது. வேறு நிறுவனத்துக்கும் எடுத்துச் செல்லலாம். ஆனால் ஒரே கழிவை ஒரே நேரத்தில் இரண்டு வண்டிகளுக்குப் பயன்படுத்த முடியாது.

4. சின்னச் சேதமா? கோருமுன் கணக்குப் போடுங்கள்

விபத்தின்போது முதலில் நீங்கள் உங்கள் கையிலிருந்து கட்டவேண்டிய தொகைக்கு எக்சஸ் என்று பெயர். மீதியைத்தான் நிறுவனம் கொடுக்கும்.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு. கழிவு இல்லாமல் உங்கள் சந்தா 800 வெள்ளி. 20 விழுக்காடு கழிவில் 640 கட்டுகிறீர்கள். முழுமையான காப்புறுதி, எக்சஸ் 500 வெள்ளி. வண்டி சறுக்கி விழுந்து பழுதுபார்க்க 600 வெள்ளி ஆகிறது.

கோரினால் கிடைப்பது 100 வெள்ளி.

இழப்பது எவ்வளவு? அடுத்த ஆண்டு கழிவே இல்லை: 160 வெள்ளி கூடுதல். அதற்கடுத்த ஆண்டு 10 விழுக்காடுதான்: 80 வெள்ளி கூடுதல். மூன்றாம் ஆண்டு 15 விழுக்காடு: 40 வெள்ளி கூடுதல். மொத்தம் 280 வெள்ளி. அடிப்படைச் சந்தாவையும் நிறுவனம் உயர்த்தினால் இன்னும் அதிகம்.

100 வெள்ளிக்காக 280 வெள்ளி. இப்படிப்பட்ட சேதத்தைக் கைக்காசில் சரிசெய்வதே லாபம்.

தவறு முழுக்க மற்றவருடையது என்றால் நிலைமை வேறு. அவருடைய காப்புறுதி நிறுவனத்திடம் நீங்கள் கோரலாம். அதனால் உங்கள் கழிவு பொதுவாகப் பாதிக்கப்படாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கோராமல் இருப்பது உங்கள் விருப்பம். தெரிவிக்காமல் இருப்பது அப்படியல்ல. அதைப் பற்றிக் கீழே சொல்கிறோம்.

5. எக்சஸ் தொகையைக் கூட்டிச் சந்தாவைக் குறைக்கலாம்

சில நிறுவனங்கள் எக்சஸ் தொகையைத் தேர்ந்தெடுக்க விடும். அதைக் கூட்டினால் சந்தா குறையும். நல்ல வழிதான், அந்தப் பணம் உங்களிடம் இருந்தால்.

வங்கிக் கணக்கில் 300 வெள்ளி வைத்துக்கொண்டு 1,000 வெள்ளி எக்சஸ் எடுக்காதீர்கள். விபத்து நடந்த வாரத்தில் அந்தப் பணத்தைப் புரட்ட முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

6. யார் யார் ஓட்டுவார்கள்?

தம்பியும் ஓட்டட்டும், மச்சானும் ஓட்டட்டும் என்று பெயர்களைச் சேர்த்தால் சந்தா ஏறலாம். சேர்க்கும் நபர் இளையர், அனுபவம் குறைந்தவர் என்றால் இன்னும் ஏறும்.

உண்மையிலேயே ஓட்டப்போகிறவரை மட்டும் சேருங்கள். சேர்க்காதவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

7. சுத்தமான ஓட்டுநர் பதிவுக்கும் மதிப்புண்டு

கடந்த 3 ஆண்டில் தண்டனைப் புள்ளி எதுவும் வாங்காதவருக்குப் போக்குவரத்துக் காவல்துறையின் நற்சான்றிதழ் கிடைக்கும். அத்தகையோருக்குக் கூடுதலாக 5 விழுக்காடு கழிவு தரும் காப்புறுதி நிறுவனங்கள் உண்டு. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். புதுப்பிக்கும்போது மறக்காமல் கேளுங்கள்.

புதிதாக உரிமம் பெற்றவருக்கு முதல் ஆண்டு முக்கியம். அந்தத் தகுதிகாண் காலத்தில் 13 தண்டனைப் புள்ளிகளை எட்டினால் உரிமமே ரத்தாகும். மறுபடியும் தேர்வு எழுதி, மறுபடியும் பயிற்சிக்குப் போகவேண்டும். ஏற்கெனவே செலவழித்த பணத்தை நினைத்துப் பாருங்கள்.

8. ஒழுகும் காசை அடையுங்கள்

புதுப்பிக்கும் கடிதம் வந்தவுடன் அப்படியே கட்டிவிடாதீர்கள். முடிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே மற்ற நிறுவனங்களிடம் கேளுங்கள். கடைசி நாளில் தேடினால் கிடைப்பதை எடுத்துக்கொள்ளவேண்டியதுதான்.

தவணையில் கட்டுவதாக இருந்தால் மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பாருங்கள். ஒரே தடவையில் கட்டுவது மலிவாக இருக்கலாம்.

வண்டியை விற்றுவிட்டீர்களா? காப்புறுதியை ரத்துச் செய்யுங்கள். இழப்பீடு கோராதிருந்தால் மீதிக் காலத்துக்கு ஒரு தொகை திரும்பக் கிடைக்கலாம்.

இந்த மூன்றையும் செய்யவே செய்யாதீர்கள்

அப்பா பெயரில் எடுப்பது

அப்பாதான் வண்டியை வைத்திருக்கிறார், அவரும் ஓட்டுகிறார், நீங்கள் எப்போதாவது ஓட்டுவீர்கள் என்றால் பிரச்சினை இல்லை. உங்கள் பெயரையும் முறையாகச் சேர்த்துவிடலாம்.

ஆனால் தினமும் ஓட்டுவது நீங்கள், சந்தாவைக் குறைக்கமட்டும் அப்பா முக்கிய ஓட்டுநர் என்று எழுதினால் அது பொய்த் தகவல். விபத்து நடந்தால் நிறுவனம் விசாரிக்கும். தினமும் வேலைக்கு எதில் போகிறீர்கள், வண்டி இரவில் எங்கே நிற்கும் என்று கேட்டாலே விஷயம் வெளியே வந்துவிடும்.

அதன்பிறகு உங்கள் வண்டிக்கு ஒரு காசும் கிடைக்காமல் போகலாம். காயமடைந்தவருக்குச் சட்டப்படி நிறுவனம் பணம் கொடுத்தாலும் பின்னர் அந்தத் தொகையை உங்கள் குடும்பத்திடம் திரும்பக் கேட்கலாம். ஒருவருடைய கால் முறிந்து, மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியாமல் ஆனால் இழப்பீடு எவ்வளவு இருக்கும்? சில நூறு வெள்ளி மிச்சம் பிடித்ததற்கு அப்பா அந்தக் கடனைச் சுமக்க நேரிடும்.

இன்னொரு நட்டமும் உண்டு. அப்பா பெயரில் எடுத்தால் என்சிடி கழிவும் அவர் பெயரில்தான் சேரும். 3 ஆண்டு கவனமாக ஓட்டியது நீங்கள். ஆனால் உங்கள் பெயரில் காப்புறுதி எடுக்கும் நாளில் மறுபடியும் பூஜ்யம்.

உணவு விநியோகம் செய்வதை மறைப்பது

வேலை முடிந்து மாலையில் 2 மணி நேரம் உணவு விநியோகம் செய்கிறீர்களா? "பகுதிநேரம்தானே" என்று விட்டுவிடாதீர்கள். சொந்தப் பயன்பாட்டுக்கான காப்புறுதி பொதுவாக விநியோக வேலைக்குச் செல்லாது. அதற்கான காப்புறுதியைத் தனியாகக் கேட்டு எடுக்கவேண்டும். சந்தா கூடும். அதை உங்கள் விநியோக வருமானத்தில் இருந்து கழித்துப் பார்த்துத்தான் அந்த வேலை லாபமா என்று முடிவு செய்யவேண்டும்.

"தளம் எனக்குக் காப்புறுதி கொடுக்குதே?" என்று கேட்கலாம். தள ஊழியர் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதன்படி வேலையின்போது நீங்கள் காயமடைந்தால் தள நிறுவனத்தின் வழியே இழப்பீடு உண்டு. ஆனால் அது உங்கள் காயத்துக்கு. உங்கள் வண்டி இடித்துக் கீழே விழுந்த பாட்டிக்கு அல்ல. அவருக்கு ஈடு தரவேண்டியது உங்கள் மோட்டார்சைக்கிள் காப்புறுதி.

வண்டியில் செய்த மாற்றத்தைச் சொல்லாமல் விடுவது

புகைபோக்கியை மாற்றுவது, இயந்திரத்தில் கைவைப்பது போன்றவற்றை நிறுவனத்திடம் சொல்லாமல் விட்டால் அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம். நிலப் போக்குவரத்து ஆணையம் அனுமதிக்காத மாற்றம் என்றால் அது தனிக் குற்றமும் ஆகும்.

விபத்து நடந்தால் முதல் 24 மணி நேரம்

சிறிய கீறலாக இருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் உங்கள் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்கவேண்டும். 2008 முதல் சிங்கப்பூரில் இதுதான் நடைமுறை. இழப்பீடு கோரும் எண்ணம் இல்லாவிட்டாலும் தெரிவிக்கவேண்டும்.

ஏன்? இடித்த இடத்தில் "பரவாயில்ல தம்பி, ஒண்ணும் ஆகல" என்று சொன்னவர் 2 வாரம் கழித்துக் கழுத்து வலிக்கிறது என்று இழப்பீடு கோரலாம். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் நிறுவனம் கைவிரிக்கலாம். என்சிடி கழிவையும் இழக்கலாம்.

யாராவது காயமடைந்திருந்தால் முதலில் 995. பிறகு படங்கள் எடுங்கள்: இரு வண்டிகளின் எண், சேதம், சாலையின் நிலை. மற்றவரின் பெயர், தொடர்பு எண், காப்புறுதி நிறுவனம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிக்குமுன் 6 கேள்விகள்

கைத்தொலைபேசியில் இதைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். காப்புறுதி விற்பவரிடம் ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

• இது எந்த வகைக் காப்புறுதி? என் வண்டிக்கு என்ன கிடைக்கும்?
• எக்சஸ் எவ்வளவு? இளையர், புதிய ஓட்டுநர் என்றால் கூடுதலா?
• என்சிடி கழிவு சேர்ந்திருக்கிறதா? தண்டனைப் புள்ளி இல்லாததற்குக் கழிவு உண்டா?
• பின்னால் அமர்பவர் காயமடைந்தால் ஈடு உண்டா?
• மலேசியாவில் செல்லுமா? திருட்டுக்கும் செல்லுமா?
• நான் விநியோக வேலை செய்தால் இது செல்லுமா?

பதில்களை வாய்வார்த்தையாக மட்டும் வாங்காதீர்கள். மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ கேட்டு வாங்கி வையுங்கள்.

முதல் ஆண்டின் சந்தா அதிகம்தான். அதில் பெரிதாகக் குறைக்க முடியாமலும் போகலாம். ஆனால் சரியான வண்டி, சரியான வகை, உண்மையான விவரம், விபத்தில்லாத ஓராண்டு என்று தொடங்கினால் அடுத்த ஆண்டே 10 விழுக்காடு உங்கள் பெயரில் சேர்ந்திருக்கும். அதை யாரிடமும் இரவல் வாங்கவேண்டியதில்லை.

அடுத்த முறை யாராவது "அப்பா பேர்ல எடுத்துடு" என்று சொன்னால், இந்தக் கட்டுரையை அவருக்கும் அனுப்பி வையுங்கள்.